அறையில் கட்டிய சேலை

"இந்த வருஷம் வேதப் பகுதியைச் சொல்லப் போறது நம்ம குருவி!"

சித்தி இப்படிச் சொன்னபோது மைக் ஏற்கனவே பாதி எழுந்துவிட்டாள்.

எழுந்தவள் சும்மா உட்கார முடியுமா? பக்கத்து நாற்காலியைப் பிடித்து நேராக்கினாள். அது நேராகத்தான் இருந்தது. இருந்தாலும் இன்னொரு தடவை நேராக்கினாள். பிறகு மெதுவாக உட்கார்ந்தாள். காது இரண்டும் சுட்டன.

மைக் என்பது அவள் பெயர் இல்லை. அவள் ரகசியம் பேசினால் பக்கத்து வீட்டுக்காரர் பதில் சொல்வார். அதனால் வந்த பட்டம் அது. சொந்தப் பெயர் பள்ளிக்கூட வருகைப் பதிவுக்கும், அம்மாவுக்குக் கோபம் வரும் நேரத்துக்கும் மட்டும்தான் பயன்பட்டது.

அவர்களுடைய சபை கூடும் இடம் ஒரு மரச்சாமான் கடையின் மாடி. கீழே கட்டிலும் அலமாரியும், மேலே பாட்டும் ஜெபமும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பின்னறையில் பிள்ளைகளுக்கு வகுப்பு நடக்கும். வருஷத்தில் ஒரு ஞாயிறு, போதகரின் பிரசங்கம் தவிர மற்ற ஆராதனை முழுவதையும் பிள்ளைகளே நடத்துவார்கள். அன்று ஒரு பிள்ளை வேதப் பகுதியை வாசித்து, அதைத் தன் சொந்த வார்த்தையில் பெரியவர்கள் எல்லோருக்கும் சொல்ல வேண்டும்.

இரண்டு வருஷமாக அந்த ஒரு பிள்ளை, மைக்தான்.

வகுப்பு எடுப்பது மைக்கின் அம்மாவுடைய தங்கை. மற்ற நாட்களில் மருந்துக் கடையில் வேலை. ஞாயிறு காலையில் டீச்சர். அவள் மைக்கின் வீட்டிலேயே தங்கியிருந்தாள். மைக்கும் அவளும் ஒரே அறை. வகுப்பில் எல்லோரும் "டீச்சர்" என்பார்கள். மைக் மட்டும் வேண்டுமென்றே "சித்தி!" என்று கூப்பிடுவாள். இவள் யாருடைய சித்தி என்பதை எல்லோருக்கும் வாரா வாரம் ஞாபகப்படுத்த வேண்டாமா?

இப்போது அந்தச் சித்தி குருவியின் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றாள்.

குருவி வகுப்புக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவள் 'ஆமென்' சொன்னால் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும்தான் தெரியும். அவ்வளவு சின்னக் குரல். "அவ பேசுறது எனக்குக் கேக்கணும்ல?" என்று சித்தி தன் வலது பக்க நாற்காலியை அவளுக்குக் கொடுத்திருந்தாள். அது மைக்கின் நாற்காலி. போன வாரம் பச்சைப் பேனாவைக் கொடுத்தாள். இந்த வாரம் அவிழ்ந்த பின்னலைப் பிடித்து இழுத்துப் பின்னியும் விட்டாள்.

நாற்காலி, பேனா, பின்னல். இப்போது வேதப் பகுதியும்!

அன்று மத்தியானம் சாப்பிடும்போது மைக் கேட்டே விட்டாள்.

"ஏன் சித்தி அவ?"

"நீதான் ரெண்டு வருஷம் சொல்லிட்டியே."

"நல்லா சொல்லலையா?"

"பிரமாதமா சொன்ன."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன அப்புறம்? தட்டைப் பாத்துச் சாப்பிடு."

எதிரில் உட்கார்ந்திருந்த அண்ணன் மூக்கை உறிஞ்சினான். "அம்மா, என்னமோ கருகுற வாசனை வரலை?"

"அடுப்பை அணைச்சாச்சே!" என்றாள் அம்மா.

"அடுப்பில்லம்மா. இவ காதைப் பாரு. புகை!"

மைக் மேஜைக்கு அடியில் அவன் காலை மிதித்தாள். அது அப்பாவின் கால்.

"எனக்கென்னடி தெரியும்?" என்று அப்பா பாவமாகக் கேட்டார்.

சிரிப்பெல்லாம் அடங்கியதும் சித்தி சொன்னாள்: "எனக்கு ஒரு உதவி பண்றியா? புதன்கிழமை சாயந்தரம் குருவிக்குக் கொஞ்சம் பழக்கிக் குடு. இந்த வீட்டுல, ஏன், இந்தச் சபையிலயே உன்னை மாதிரி சொல்லத் தெரிஞ்சவங்க யாரு இருக்கா?"

இப்படிப் புகழ்ந்துவிட்டுக் கேட்டால் எப்படி மாட்டேன் என்பது? மைக் "சரி" என்றாள். ஆனால் தட்டில் இருந்த அப்பளத்தைத் தூள் தூளாக நொறுக்கினாள்.

புதன்கிழமை சாயந்தரம். சபையின் பின்னறையில், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய நாற்காலிகளுக்கு நடுவே இரண்டை மட்டும் எடுத்துப் போட்டு இருவரும் உட்கார்ந்தார்கள். கீழே கடையில் வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்தார்கள். வாசனை படியேறி வந்தது.

"முதல்ல வாசி" என்றாள் மைக், டீச்சர் மாதிரி.

இயேசு தன் சீடர்களின் கால்களைக் கழுவிய பகுதி. குருவி விரல் வைத்து வாசித்தாள். குரல் சின்னதுதான். ஆனால் ஒரு எழுத்து தடுமாறவில்லை. மைக் காதைத் தீட்டிக்கொண்டு ஒரு தப்புக்காகக் காத்திருந்தாள். கிடைக்கவே இல்லை.

"ம். இப்ப மூடி வச்சுட்டு உன் வார்த்தையில சொல்லு."

குருவி கண்ணையும் மூடிக்கொண்டாள். "எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. இயேசு எழுந்தாரு. மேல போட்டிருந்த அங்கியைக் கழட்டி வச்சாரு. ஒரு சேலையை எடுத்து அறையில கட்டினாரு. அப்புறம் ஒரு பாத்திரத்துல தண்ணி…"

"இரு, இரு. எங்க கட்டினாரு?"

"அறையில. அவங்க சாப்பிட்டுக்கிட்டு இருந்த அறையில." குருவி கண்ணைத் திறந்து கையை நீட்டிக் காட்டினாள். "இந்தச் சுவத்துலருந்து அந்தச் சுவத்துக்கு. குறுக்கால."

மைக்குக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. ஏனென்றால் அந்த இடத்தில் அவளும் ஒரு தடவை வழுக்கி விழுந்திருக்கிறாள்.

வேதத்தின் பழைய தமிழில் அந்த இடத்தில் 'சீலை' என்று இருக்கும். துணி என்று பொருள். துண்டு மாதிரி ஒரு துணி. எட்டு வயதில் மைக் அதைச் சேலை என்று நினைத்துவிட்டாள். வீட்டில் எல்லோரும் சாப்பிடும் நேரத்தில், "இயேசு எதுக்கு அம்மா மாதிரி சேலை கட்டினாரு?" என்று தன் முழுக் குரலில் கேட்டாள். அப்பாவுக்குப் புரையேறியது. அண்ணன் ஒரு படமே வரைந்துவிட்டான். மைக் அழுத அழுகையில் எல்லோரும் சத்தியம் செய்தார்கள்: இந்தக் கதை வீட்டு வாசலைத் தாண்டாது.

தாண்டவில்லைதான். ஆனால் வீட்டுக்குள் அண்ணனுக்கு அது பெரிய ஆயுதமாகிவிட்டது. டிவி ரிமோட் வேண்டுமென்றால் அவன் "சீலை" என்று மட்டும் சொல்வான். மைக் பேசாமல் ரிமோட்டைக் கொடுத்துவிடுவாள்.

குருவியும் சீலையில்தான் வழுக்கியிருக்கிறாள். அதோடு நிற்காமல் இன்னொரு வார்த்தையிலும் வழுக்கிவிட்டாள். 'அரையிலே' கட்டினார் என்றால் இடுப்பிலே கட்டினார் என்று பொருள். அரை என்பது இடுப்புக்குப் பழைய பெயர். காதில் கேட்டால் அரையும் அறையும் ஒன்றுதானே? வாசிக்கும்போது இந்தத் தப்பு தெரியவே தெரியாது. சொந்த வார்த்தையில் சொன்னால்தான் வெளியே வரும்.

ஞாயிற்றுக்கிழமை வெளியே வரும். சபை முழுவதும் உட்கார்ந்திருக்கும்போது வரும்.

மைக்கின் கண் முன்னால் எல்லோரும் சிரித்தார்கள். முன்வரிசை சிரித்தது, பின்வரிசை சிரித்தது. சித்தி தலையில் கைவைத்துக்கொண்டு, "அடடா, மைக்கையே சொல்ல வச்சிருக்கலாமே!" என்றாள்.

"என்ன மைக்? தப்பா?" குருவி நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தாள்.

ஒரு வார்த்தை. 'இடுப்பு' என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"இல்ல. நல்லா இருக்கு. அப்படியே சொல்லு" என்றாள் மைக்.

குருவியின் முகம் பூவாக விரிந்தது. "நிஜமாவா? டீச்சர் என்னைச் சொல்லச் சொன்னதிலருந்து எனக்கு ஒரே பயம். உன்னை மாதிரி சொல்ல வராதுல்ல? இப்ப நீயே நல்லா இருக்குன்னு சொல்லிட்ட!"

மைக் தன் செருப்பின் வாரைச் சரி செய்தாள். அதுவும் ஏற்கனவே சரியாகத்தான் இருந்தது.

"மைக், ஒண்ணு கேக்கவா? யூதாஸ் காட்டிக் குடுக்கப் போறான்னு அவருக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சேதான் அவன் காலையும் கழுவினாரா?"

"ஆமா."

குருவி கொஞ்சம் யோசித்தாள். "அவனுக்கும் வெதுவெதுப்பான தண்ணிதான் ஊத்தியிருப்பாரு, இல்ல?"

"எனக்கு நேரமாச்சு" என்று மைக் எழுந்துவிட்டாள்.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் மைக் ரொம்ப சந்தோஷமாக இருப்பதாக நினைத்துக்கொண்டாள். ஆனால் சாப்பாடுதான் இறங்கவில்லை.

சனிக்கிழமை சாயந்தரம் சித்தி மருந்துக் கடையிலிருந்து ஒரு பொட்டலம் கொண்டுவந்தாள்.

"இதைக் குருவி வீட்டுல குடுத்துட்டு வந்துடு. பஸ் டிப்போவுக்குப் பின்னால, வரிசையா வீடுங்க இருக்குல்ல? அதுல கடைசி வீடு."

"என்ன இது?"

"புண்ணுக்குக் கட்டுற துணியும் களிம்பும். அவ அத்தைக்கு. குருவியோட அப்பாவுக்கு அக்கா. சர்க்கரை வியாதி, காலுல புண்ணு ஆறவே மாட்டேங்குது."

சித்தி அவர்கள் வீட்டு வைத்தியத்தையும் பார்க்கிறாளா? மைக்குக்கு மறுபடியும் காது சுட்டது. பொட்டலத்தை வாங்கிக்கொண்டு விறுவிறு என்று நடந்தாள்.

கடைசி வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. "குருவி!" என்று மைக் கூப்பிட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

"இதோ வரேன்! உள்ள வா மைக்!"

மைக் உள்ளே கால் வைத்தாள். வீடு என்றால் ஒரே அறைதான். அந்த அறையின் நடுவே, இந்தச் சுவரின் ஆணியிலிருந்து அந்தச் சுவரின் ஜன்னல் கம்பி வரை, ஒரு பழைய நீலச் சேலை குறுக்கே கட்டியிருந்தது. சின்னச் சின்ன மஞ்சள் பூப் போட்ட சேலை.

மைக் அசையாமல் நின்றாள்.

சேலைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் பதறியது. "ஐயையோ, யாரும்மா? உள்ள வரச் சொல்லாத. வாடை அடிக்கும்."

"மைக்தான் அத்தை. சேலைக்கு அந்தப் பக்கம்தான் நிக்கிறா. அவளுக்கு நீங்க தெரிய மாட்டீங்க."

சேலை தரை வரை வரவில்லை. கீழே ஒரு முழம் இடைவெளி. அதன் வழியாக ஒரு பிளாஸ்டிக் தொட்டி தெரிந்தது. வீங்கிய ஒரு கால் தெரிந்தது. அந்தக் காலைப் பிடித்திருந்த இரண்டு சின்னக் கைகள் தெரிந்தன. ஒரு கை தண்ணீரை மொண்டு, கால்மேல் மெதுவாக ஊற்றியது. பிறகு ஒரு முழங்கை தொட்டிக்குள் இறங்கிச் சூடு பார்த்தது.

"வெதுவெதுன்னு இருக்கா அத்தை?"

"இருக்குடா கண்ணு."

மைக் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்ட மாதிரி இருந்தது.

"நீதானா அந்த மைக்?" சேலைக்குப் பின்னாலிருந்து அத்தை கேட்டாள். "உன் பேரைச் சொல்லாம இவ ஒரு வாய் சாப்பிடறதில்ல. 'மைக் நல்லா இருக்குன்னு சொல்லிட்டா அத்தை. மைக் சொன்னா சரியாத்தான் இருக்கும்'னு ஒரே பெருமை. முந்தியெல்லாம் தூக்கத்துல உளறுவா. நீ சொன்னதுலருந்து நிம்மதியாத் தூங்குறா."

மைக் பொட்டலத்தின் நூலை இறுக்கிக் கட்டினாள். அதுவும் ஏற்கனவே இறுக்கமாகத்தான் இருந்தது.

"அத்தை நாளைக்கு வராங்க!" என்றது குருவியின் குரல். "நான் சொல்றதைக் கேக்கணுமாம்."

"கடைசி வரிசையில உக்காந்துக்குவேன்" என்றாள் அத்தை. "காலை நாற்காலிக்கு அடியில மறைச்சுக்கிட்டா யாருக்குத் தெரியப் போகுது?"

கையைத் துடைத்துக்கொண்டு குருவி சேலையை விலக்கி வெளியே வந்தாள். பொட்டலத்தை வாங்கினாள்.

"குருவி…" என்றாள் மைக்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. தண்ணி ஆறிடப் போகுது."

வீட்டுக்கு வந்தால் அண்ணன் சோபாவில் சாய்ந்திருந்தான். "சீலை" என்றான் வழக்கம்போல.

மைக் முறைக்கவில்லை. முனகவில்லை. ரிமோட்டை அவன் கையில் வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

அண்ணன் பயந்துபோனான். "அம்மா, இவளுக்குக் காய்ச்சலான்னு கொஞ்சம் தொட்டுப் பாரேன்!"

ஞாயிறு காலை. மரச்சாமான் கடை மூடியிருந்தது. மாடிப்படியில் மைக் காத்திருந்தாள். குருவி வெளுத்த கவுன் போட்டு, பின்னலில் நாடா கட்டி, உதடு மட்டும் அசைய எதையோ சொல்லிக்கொண்டே ஏறி வந்தாள். அத்தையைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு குருவியின் அம்மா முன்பே மேலே போயிருந்தாள்.

"குருவி, நில்லு. நீ சொல்றதுல ஒரு தப்பு இருக்கு."

மைக் எல்லாவற்றையும் சொன்னாள். சீலை என்றால் துணி. அரை என்றால் இடுப்பு. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார், அவ்வளவுதான். வேலை செய்யறவங்க கட்டிக்கிற மாதிரி.

குருவி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப நீ ஏன் நல்லா இருக்குன்னு சொன்ன?"

மைக் இந்தக் கேள்விக்கு நேற்று இரவே ஒரு நல்ல பதில் தயார் செய்து வைத்திருந்தாள். 'நான் சரியா கவனிக்கலை' என்று. அது நாக்கு நுனி வரை வந்தது. குருவியின் முகத்தைப் பார்த்ததும் திரும்பிப் போய்விட்டது.

"நீ தப்பா சொல்லணும்னுதான். எல்லாரும் சிரிக்கணும்னு."

மேலே யாரோ நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. குருவி நாடாவின் நுனியை விரலில் சுற்றினாள். அவிழ்த்தாள். மறுபடி சுற்றினாள்.

"நான் உனக்கு என்ன செஞ்சேன்?"

"ஒண்ணும் செய்யலை. என் சித்தி உன்கிட்டயே… என் நாற்காலி… எனக்குப் பொறாமை."

அந்த வார்த்தையைச் சொன்னதும் மைக்குக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழுகையும் அவள் குரல் மாதிரிதான். குருவி திடுக்கிட்டு, "ஐயோ, மெதுவா அழு, மேல கேக்கும்" என்றாள்.

மைக்கின் அழுகை அடங்கியதும், குருவி கையிலிருந்த வேதத்தை நீட்டினாள்.

"நீயே சொல்லிடு மைக். இனிமே அந்த இடம் வந்தாலே நான் உளறிடுவேன். எல்லாரும் சிரிச்சா அத்தை எதிர்ல நான் என்ன பண்ணுவேன்?"

மைக் அந்தப் புத்தகத்தைப் பார்த்தாள். இதற்குத்தானே ஒரு வாரமாக அவள் வயிறு எரிந்தது? இப்போது கேட்காமலே கைக்கு வருகிறது. வாங்கிக்கொண்டால் போதும். யாருக்கும் எதுவும் தெரியாது.

ஆனால் வேண்டும்போல் இல்லை. அடுத்தவர் வாயிலிருந்து எடுத்த மிட்டாய் மாதிரி இருந்தது.

"எல்லாரும் சிரிச்சாத்தானே பிரச்சினை?" என்றாள் மைக், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"ஆமா."

"முதல்ல என்னைப் பாத்துச் சிரிச்சிட்டாங்கன்னா?"

"உன்னைப் பாத்து எதுக்குச் சிரிக்கணும்?"

மைக் சுற்றும் முற்றும் பார்த்தாள். பிறகு குருவியின் காதில், வாழ்க்கையிலேயே முதல் தடவையாக நிஜமாகவே ரகசியமாக, அந்தச் சேலைக் கதையைச் சொன்னாள்.

குருவியின் கண் பெரிதானது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்குள்ளிருந்து 'க்ளுக்' என்று ஒரு சத்தம் வந்தது.

"இயேசு… உங்க அம்மா மாதிரி… கொசுவம் வச்சா?"

"சிரி, சிரி. நல்லா சிரி."

"இதை எல்லார் முன்னாடியும் சொல்லுவியா? நிஜமா? உங்க அண்ணன் இருப்பாரே?"

"அவன் இருக்கட்டும். அவனுக்குத்தான் ஏற்கனவே தெரியுமே!"

குருவி எழுந்து கவுனைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "ஆனா நீ பண்ணது தப்புதான்" என்றாள்.

"தெரியும்" என்றாள் மைக். இருவரும் சேர்ந்து படியேறினார்கள்.

போதகர் குருவியை அழைத்ததும் இரண்டு பேர் முன்னால் வந்தார்கள். சித்தியின் புருவம் உயர்ந்தது.

மேடையில் இருந்த மைக் ஸ்டாண்ட் போதகரின் உயரத்துக்கு நின்றது. அதன் திருகு துருப்பிடித்து இறங்க மறுத்தது. மைக் சட்டென்று ஒலிவாங்கியைக் கழற்றிக் குருவியின் வாய்க்கு நேராகப் பிடித்தாள்.

"மைக்கே மைக்கைப் பிடிக்குது!" என்று பின்னாலிருந்து அண்ணன் சொன்னது நன்றாகவே கேட்டது.

குருவி வாசித்தாள். வாசித்து முடித்ததும் மைக்கைப் பார்த்துத் தலையசைத்தாள்.

மைக் ஒரு அடி முன்னால் வந்தாள். ஒலிவாங்கியைத் தன் பக்கம் திருப்பவில்லை. அவளுக்கு அது தேவைப்படவும் இல்லை.

"இதுல சீலைன்னு ஒரு வார்த்தை வந்துச்சு. துணின்னு அர்த்தம். எனக்கு எட்டு வயசுல அது தெரியாது. நான்… இயேசு எங்க அம்மா மாதிரி சேலை கட்டிக்கிட்டாருன்னு நினைச்சேன்."

முன்வரிசை சிரித்தது. பின்வரிசை சிரித்தது. போதகர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் நினைத்துப் பார்த்த அதே சிரிப்பு. ஆள்தான் மாறியிருந்தது. காது சுட்டது. ஆனாலும் அவள் ஓடிவிடவில்லை. சிரிப்பு தீரும்வரை நின்றாள்.

பிறகு ஒலிவாங்கியைக் குருவியின் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள்.

"நானும் தப்பாத்தான் நினைச்சேன்" என்றாள் குருவி. "அரைன்னா இடுப்பு. நான் அறைன்னு நினைச்சேன். இயேசு ஒரு சேலையை எடுத்து அறைக்குக் குறுக்கால கட்டிட்டாருன்னு நினைச்சேன்."

இரண்டு பேர் சிரிக்க ஆரம்பித்தார்கள்.

"ஏன்னா, காலு அழுக்கா இருக்கும்ல? இல்ல, புண்ணு ஏதாவது இருக்கும். மத்தவங்க பாத்தா அவங்களுக்கு வெக்கமா இருக்கும். அதனால அவரு மறைச்சுக் கட்டிட்டு, ஒவ்வொருத்தரா உள்ள கூப்பிட்டு, யாருக்கும் தெரியாமக் கழுவி விட்டாருன்னு நினைச்சேன்."

சிரிக்க ஆரம்பித்த இரண்டு பேரும் நிறுத்திவிட்டார்கள்.

"ஆனா அப்படி இல்லையாம். துண்டை இடுப்புலதான் கட்டிக்கிட்டாராம். மைக் சொன்னா." குருவி மூச்சு விட்டுக்கொண்டாள். "எப்படிக் கட்டியிருந்தாலும், கழுவினது எல்லார் காலையும்தான். பேதுரு வேணாம்னாரு, அவருக்கும். யூதாஸுக்கும்."

கீழே தெருவில் போன சைக்கிள் மணி மேலே வரை கேட்டது. கடைசி வரிசையில் ஒரு அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கட்டுப் போட்ட அவள் கால் நாற்காலிக்கு அடியில் இல்லை. எப்போது வெளியே நீட்டினாளோ, அவளுக்கே தெரியவில்லை.

போதகர் எழுந்து வந்தார். கையில் வைத்திருந்த பிரசங்கத் தாள்களைப் பார்த்தார். பிள்ளைகளைப் பார்த்தார். தாள்களை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"ஜெபம் பண்ணுவோம்" என்றார்.

அந்தச் சபையிலேயே பிரசங்கம் இல்லாத முதல் ஞாயிறு அதுதான் என்று பிள்ளைகள் பிறகு கணக்குப் போட்டுச் சந்தோஷப்பட்டார்கள்.

ஆராதனை முடிந்ததும் சித்தி இருவரையும் பிடித்துக்கொண்டாள். "ரெண்டு பேரா சேர்ந்து சொல்றதுன்னு எப்ப முடிவு பண்ணீங்க?"

"மாடிப்படியில" என்றாள் குருவி.

"ஏன்?"

குருவி மைக்கைப் பார்த்தாள். மைக் குருவியைப் பார்த்தாள்.

"நானே வீட்டுல சொல்றேன் சித்தி" என்றாள் மைக். "முழுசா சொல்றேன். நீங்க திட்டலாம்."

சித்தி தலையசைத்தாள். குருவியின் பின்னலில் நாடா அவிழ்ந்து தொங்குவதைப் பார்த்துவிட்டு அதைக் கட்ட ஆரம்பித்தாள். மைக்குக்கு மறுபடியும் லேசாகக் காது சுட்டது. இவ்வளவுக்குப் பிறகுமா என்று அவளுக்கே எரிச்சலாக இருந்தது. பேசாமல் போய், சித்தி முடி போடுவதற்கு வாகாக நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள்.

அண்ணன் வந்தான். "என்ன, புகையைக் காணோம்?"

"கொஞ்சம் இருக்கு" என்றாள் மைக். "ஆனா ரிமோட் இனிமே எனக்கு. உன் ஆயுதம் போச்சு!"

அண்ணனின் முகம் போன போக்கைப் பார்த்துச் சித்தி உட்பட எல்லோரும் சிரித்தார்கள்.

வீட்டுக்குக் கிளம்பும்போது குருவி மைக்கின் கையைப் பிடித்து இழுத்தாள். "அத்தை ஒண்ணு சொல்லச் சொன்னாங்க. அடுத்த தடவை நீ வந்தா, சேலைக்கு அந்தப் பக்கம் நிக்க வேணாமாம்."

மைக் அடுத்த தடவை வரை காத்திருக்கவில்லை. அன்று சாயந்தரமே போனாள். நீலச் சேலை அதே இடத்தில் தொங்கியது. குருவி அதை விலக்கிப் பிடித்தாள். மைக் குனிந்து உள்ளே போய்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். முழங்கையைத் தண்ணீரில் விட்டுச் சூடு பார்த்தாள். பிறகு, பயமுறுத்திவிடக் கூடாதே என்று, தன்னால் முடிந்த அளவு மெதுவாகக் கேட்டாள்:

"வெதுவெதுன்னு இருக்கா அத்தை?"

அத்தை காதருகே கையை வைத்துக்கொண்டாள்.

"என்னம்மா சொல்ற? கொஞ்சம் சத்தமாத்தான் பேசேன்!"

மைக்கிடம் இதுவரை யாரும் அப்படிக் கேட்டதே இல்லை.